பெரிய நாயின் எலும்பும் சின்ன நாயின் கருப்பையும்

நாலு கிலோ எடையுள்ள பொமரேனியன் பெட்டைக் குட்டிக்கு ஐந்து மாதம் முடிந்ததும், அதை வளர்ப்பவர்கள் முன் ஒரு கேள்வி வந்து நிற்கும்: கருத்தடை ஆபரேஷனை எப்போது செய்வது? கேட்கும் இடத்தைப் பொறுத்து இரண்டு பதில்கள் கிடைக்கும். முதல் ஹீட் (இணைசேரும் பருவம்) வருவதற்குள் முடித்துவிடுங்கள், மடியில் கட்டி வராது என்பது ஒரு பதில். ஒன்றரை வயதாவது ஆகட்டும், அவசரப்பட்டால் மூட்டு கெடும், புற்றுநோய்கூட வரலாம் என்பது மற்றொரு பதில். இரண்டையும் படித்த மருத்துவர்களே சொல்கிறார்கள். இரண்டின் பின்னாலும் அச்சான ஆய்வுகள் இருக்கின்றன. அந்த ஆய்வுகள் எந்த நாயை வைத்துச் செய்யப்பட்டவை என்று பார்த்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். காத்திருக்கச் சொல்லும் அறிவுரை முப்பது கிலோ நாயின் எலும்பிலிருந்து பிறந்தது. அதை நாலு கிலோ நாய்க்கு அப்படியே பொருத்தும்போது கணக்கு பிசகுகிறது. சிறு இனப் பெட்டைக்கு ஐந்து, ஆறு மாதம் ஏற்ற காலம். சிறு இன ஆண் நாய்க்கு அப்படி ஓர் அவசரம் இல்லை. கையிலிருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால் இந்த முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

ஆறு மாதம் என்பது யாரும் ஆராய்ந்து கண்டுபிடித்த வயதல்ல. தடுப்பூசிகள் முடிந்து, மயக்க மருந்தைத் தாங்கும் அளவுக்கு உடல் தேறி, பருவம் வருவதற்குச் சற்று முன்பு என்ற வசதியான இடத்தில் அது அமைந்தது. பல பத்தாண்டுகள் உலகின் பெரும்பகுதியில் இதுவே வழக்கம். 2013இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட்டும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டதும் இந்த வழக்கம் ஆட்டம் கண்டது. தங்கள் மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து 759 கோல்டன் ரெட்ரீவர் நாய்களை எடுத்து, ஒரு வயதுக்குள் கருத்தடை செய்தவை, பிறகு செய்தவை, செய்யாதவை என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வயதுக்குள் விரை நீக்கப்பட்ட ஆண் நாய்களில் 10 சதவீதத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு இருந்தது. செய்யாதவற்றைப்போல் அது இரு மடங்கு. முழங்காலின் குறுக்குத் தசைநார் கிழிவது கருத்தடை செய்யாத நாய் ஒன்றில்கூடக் காணப்படவில்லை. இளமையில் செய்த ஆண்களில் 5 சதவீதத்திலும் பெட்டைகளில் 8 சதவீதத்திலும் காணப்பட்டது. அடுத்தடுத்து லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று ஆய்வு நீண்டது. நாய் வளர்ப்பவர்கள் மத்தியில் செய்தி பரவியபோது இனத்தின் பெயர் உதிர்ந்துவிட்டது. சீக்கிரம் செய்தால் மூட்டு போய்விடும் என்ற வரி மட்டும் நின்றது.

இனத்தின் பெயர் ஏன் முக்கியம் என்பதற்கு எலும்பு வளரும் விதத்தைப் பார்க்க வேண்டும். நீள எலும்பின் இரு முனைகளுக்கு அருகிலும் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தகடு ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். பருவ வயதில் சுரக்கும் பாலியல் ஹார்மோன்கள், குறிப்பாக ஈஸ்ட்ரோஜன், அந்தத் தகட்டை மூடி வளர்ச்சியை நிறுத்துகின்றன. ஆண் நாயிலும் இதே ஈஸ்ட்ரோஜன்தான், டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகி, வேலை செய்கிறது. சினைப்பையையோ விரையையோ முன்கூட்டி எடுத்துவிட்டால் தகடு தாமதமாக மூடும். கால் எலும்பு இயல்பைவிடச் சற்று நீளும். எல்லாத் தகடுகளும் ஒரே நேரத்தில் மூடுவதில்லை. சில ஏற்கெனவே மூடியிருக்கும், சில திறந்திருக்கும். அந்த ஏற்றத்தாழ்வில் மூட்டின் கோணம் மாறலாம். பதினைந்து, பதினெட்டு மாதம் வரை வளர்ந்துகொண்டே போகிற பெரிய நாயில் ஆறாம் மாதம் என்பது வளர்ச்சியின் நடுப்பகுதி. கோணம் மாறிய மூட்டின் மேல் பிறகு முப்பது கிலோ ஏறி நின்று ஓடவும் குதிக்கவும் வேண்டும். சிறு இனக் குட்டியோ ஆறு மாதத்தில் உயரத்தின் பெரும்பகுதியை எட்டிவிடுகிறது. பத்து மாதத்துக்குள் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிடும். ஹார்மோன் குறைவால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடினாலும், அதைச் சுமக்கவேண்டிய எடை நாலைந்து கிலோதான்.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. அதே ஹார்ட் குழு 2020இல் 35 இனங்களை எடுத்துக்கொண்டு பதினைந்து ஆண்டுப் பதிவேடுகளை அலசியது. சிவாவா, டாஷ்ஹண்ட், மால்டீஸ், பொமரேனியன், பக், ஷிட்ஸு, யார்க்ஷயர் டெரியர், டாய் பூடில் ஆகிய சிறு இனங்களில் எந்த வயதில் கருத்தடை செய்தாலும் மூட்டுக் கோளாறு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. அதே ஆண்டில் கலப்பின நாய்களை எடை வாரியாகப் பிரித்துச் செய்த இன்னோர் ஆய்வில் கோடு 20 கிலோவில் விழுந்தது: அதற்கு மேல் எடை வளரும் நாய்களில் ஒரு வயதுக்குள் செய்தால் மூட்டுச் சிக்கல் பல மடங்கு, அதற்குக் கீழே வேறுபாடு இல்லை. நம் ஊருக்கு இந்த இரண்டாவது ஆய்வுதான் அதிகம் பயன்படும். இங்கே பொமரேனியன் என்ற பெயரில் விற்கப்படும் நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் வகை. தாய் தந்தையின் சான்றிதழைக் கேட்டால் விற்பவர் சிரிப்பார். இனம் எது என்று தெரியாவிட்டாலும் குட்டி எத்தனை கிலோவுக்கு வளரும் என்பதை ஓரளவு கணித்துவிடலாம். அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 45 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 20 கிலோ, என்ற எல்லையையே வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே வளரும் பெட்டைகளுக்கு முதல் ஹீட்டுக்கு முன்பே, ஐந்து ஆறு மாதத்தில், செய்யச் சொல்கிறது.

இங்கே கவனமாகப் படிக்கிறவர் ஒரு மறுப்பை எழுப்பலாம்; எழுப்பவேண்டும். 2020 ஆய்வு மூட்டுக் கோளாறு என்று எண்ணியது மூன்றை: இடுப்பு மூட்டுக் கோளாறு, முழங்காலின் குறுக்குத் தசைநார்க் கிழிசல், முன்னங்கால் முட்டிக் கோளாறு. மூன்றும் முக்கியமாகப் பெரிய நாய்களின் நோய்கள். சின்ன நாயை அதிகம் வாட்டும் முழங்கால் சில்லு விலகல் இந்தப் பட்டியலில் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பொமரேனியன் திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கி மூன்று காலில் நாலு எட்டு வைத்துவிட்டு மறுபடி இயல்பாக ஓடினால் பெரும்பாலும் அதுதான் காரணம். சின்ன நாயின் தலையாய மூட்டு நோயை எண்ணாமல் சின்ன நாயின் மூட்டுக்குப் பாதிப்பில்லை என்று சொல்வது நியாயமா? குறை உண்மைதான். ஆனால் சில்லு விலகல் பெரும்பாலும் தொடை எலும்பும் கெண்டைக்கால் எலும்பும் அமைந்திருக்கும் கோணத்தோடு, பிறப்பிலேயே வருவது. மூன்று, நாலு மாதக் குட்டியின் காலைப் பிடித்துப் பார்த்தே பல நேரம் மருத்துவரால் சொல்லிவிட முடியும். அதாவது கருத்தடை பற்றிய பேச்சு எழுவதற்கு முன்பே அது அங்கே இருக்கிறது. டாஷ்ஹண்டின் கதை சற்று வேறு. பிரிட்டனில் டாஷ்ஹண்ட் வளர்ப்பவர்களிடம் நடத்திய பெரிய கருத்தெடுப்பை அலசி 2018இல் வெளிவந்த கட்டுரை, ஒரு வயதுக்குள் கருத்தடை செய்தவற்றில் முதுகெலும்பு வட்டு பிதுங்குவது கூடுதலாக இருந்ததைக் காட்டியது. வளர்ப்பவர்கள் நினைவிலிருந்து சொன்ன தகவல் என்பதால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. இருந்தாலும் அந்த நீண்ட முதுகுக்கு ஏற்படும் சேதம் பின்னங்கால்களையே முடக்கக்கூடியது. டாஷ்ஹண்ட் வைத்திருப்பவர் ஒரு வயது வரை பொறுத்தால் நான் குறை சொல்லமாட்டேன். ஷிட்ஸு இன்னொரு விதிவிலக்கு. 2020 ஆய்வில் சிறு இனங்களில் பாஸ்டன் டெரியர், ஷிட்ஸு இரண்டில் மட்டும் கருத்தடைக்குப் பின் சிலவகைப் புற்றுநோய்கள் கூடித் தெரிந்தன. ஆனால் 35 இனம், இரண்டு பால், நாலைந்து வயதுப் பிரிவு, பல நோய்கள் என்று நூற்றுக்கணக்கான கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும்போது, ஒன்றிரண்டு கட்டங்கள் தற்செயலாகவே துருத்தி நிற்கும். ஒவ்வொரு கட்டத்திலும் இருந்த நாய்கள் சொற்பம். வேறொரு மருத்துவமனையின் பதிவேட்டிலும் இதே கணக்கு வந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்ள நான் தயார்.

மூட்டுக் கவலை இப்படிச் சுருங்கிவிட்டால், பெட்டை நாய் விஷயத்தில் எடைபோட வேண்டியது கருப்பையையும் பால்மடியையும்தான். பெட்டை நாயின் உடலில் ஒரு விசித்திரம் உண்டு. ஹீட் முடிந்ததும், சினை பிடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு மாதம்வரை புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உயர்ந்தே இருக்கும். கருப்பை ஒவ்வொரு முறையும் குட்டிகளை எதிர்பார்த்து உட்சுவரைத் தடிக்கவைக்கிறது, சுரப்புகளைக் கூட்டுகிறது, உள்ளே வருவதை வெளியே தள்ளாமல் வாயை மூடிக்கொள்கிறது, எதிர்ப்பாற்றலையும் தளர்த்துகிறது. ஹீட்டின்போது உள்ளே ஏறிய குடல் பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வருடத்துக்கு இரண்டு முறை என்று இது திரும்பத் திரும்ப நடந்து, நடுத்தர வயதில் ஒருநாள் கருப்பை முழுக்கச் சீழ் கட்டிக்கொள்கிறது. பையோமெட்ரா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இது எவ்வளவு பரவலானது என்று அறிய ஸ்வீடனைப்போல் வேறு நாடு இல்லை. அங்கே ஆரோக்கியமான நாய்க்குக் கருத்தடை செய்யும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. நாய்களுக்குக் காப்பீடு எடுக்கும் வழக்கமோ மிக அதிகம். 1995 முதல் 2006 வரை காப்பீட்டிலிருந்த 2,60,000க்கும் மேற்பட்ட பெட்டைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, பத்து வயதுக்குள் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குப் பையோமெட்ராவும் 13 சதவீதத்துக்கு மடிக்கட்டியும் வந்திருந்தன. ஐந்தில் ஒன்று! காய்ச்சலும் வாந்தியுமாக, சிறுநீரகம் தளர்ந்த நிலையில், நள்ளிரவில் அவசர ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் நோய் இது. நல்ல சிகிச்சை கிடைக்கும் ஸ்வீடனிலேயே நோய் வந்தவற்றில் நூற்றுக்கு நாலு இறந்துபோயின.

மடிக்கட்டி பற்றிய எண்கள் ஒவ்வொரு மருத்துவமனைச் சுவரொட்டியிலும் இருக்கும்: முதல் ஹீட்டுக்கு முன் செய்தால் 0.5, ஒரு ஹீட்டுக்குப் பின் 8, அதற்கும் பின் 26 சதவீதம். 1969இல் ஷ்னைடரும் அவருடைய சகாக்களும் கலிஃபோர்னியாவில் வெளியிட்ட ஆய்வின் எண்கள் இவை. இவற்றைப் பெரும்பாலும் தவறாகவே படிக்கிறார்கள். இரண்டு ஹீட் கண்ட நாய்களில் நூற்றுக்கு 26க்குப் புற்றுநோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. கருத்தடையே செய்யாத நாய்க்குள்ள அபாயத்தை 100 என்று வைத்துக்கொண்டால் மற்றவற்றின் அபாயம் முறையே 0.5, 8, 26. மேலும் அது சிறிய ஆய்வு. 2012இல் பிரிட்டனில் போவேயும் சகாக்களும் இந்தப் பொருளில் வெளிவந்த ஆய்வுகளைத் தேடி எடுத்து எடைபோட்டபோது, தேறிய 13இல் 9 ஆய்வுகளில் முடிவு ஒருபக்கமாகச் சாயும் வாய்ப்பு அதிகம், 4இல் நடுத்தரம் என்று கண்டு, சான்று பலவீனமானது என்று முடிவு சொன்னார்கள். பலவீனம் என்றால் பொய் என்று ஆகிவிடாது. மடித் திசு ஹார்மோனால் வளர்வது, ஹார்மோனை முன்பே நிறுத்தினால் கட்டி குறையும் என்பதில் உயிரியல் தர்க்கம் இருக்கிறது. ஆனாலும் 0.5 என்ற துல்லியத்தைப் பிடித்துக்கொண்டு பயமுறுத்துவது சரியல்ல. சின்ன நாய்களுக்கு இதில் இன்னொரு ஆறுதலும் உண்டு. ஜப்பானில் 2005இல் வெளியான ஆய்வொன்றில் சிறு இனங்களின் மடிக்கட்டிகளில் கால்வாசி மட்டுமே புற்றாக இருந்தது. மற்ற இனங்களில் பாதிக்கும் மேல். ஸ்வீடன் எண்ணையும் ஜப்பான் எண்ணையும் சேர்த்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், கருத்தடை செய்யாத நூறு சிறு இனப் பெட்டைகளில் பத்து வயதுக்குள் மூன்று நாலுக்குப் புற்றான மடிக்கட்டி, இருபதுக்குப் பையோமெட்ரா. சுவரொட்டியில் எதைப் பெரிய எழுத்தில் போடவேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும்.

சரி, பையோமெட்ராவைத் தடுக்க ஆறாம் மாதமே செய்யவேண்டுமா என்ன? வேண்டியதில்லை. அந்த நோய் பெரும்பாலும் நடுவயதுக்கு மேல் வருவது. இரண்டு வயதில் செய்தாலும் அதே பாதுகாப்பு கிடைக்கும். கருத்தடை ஆதரவாளர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள்; ஆனால் வாதத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. ஒரு வேலையைச் செய்யவேண்டும் என்பதற்கான காரணமும் இப்போதே செய்யவேண்டும் என்பதற்கான காரணமும் வேறு வேறு. ஆகவே கேள்வியை இப்படித் திருப்பிப் போடவேண்டும்: காத்திருப்பதால் சின்னப் பெட்டைக்கு என்ன கிடைக்கிறது? பெரிய நாய்க்கு இரண்டு லாபங்கள். ஒன்று மூட்டு. இரண்டாவது, சிறுநீர் கசிவு. கருத்தடை செய்த பெட்டைகளில் சில, வருடங்கள் கழித்துத் தூக்கத்தில் தன்னறியாமல் சிறுநீர் விடும். ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் மூத்திரக் குழாயின் சுருக்குத்தசை தளர்வதே காரணம். 1989இல் சூரிச்சில் செய்த ஆய்வில் 20 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களில் 31 சதவீதத்துக்கும் அதற்குக் குறைந்தவற்றில் 9 சதவீதத்துக்கும் இந்தத் தொல்லை இருந்தது. தாமதித்தால் கசிவு குறையும் என்ற பலனும் 15 கிலோவுக்கு மேல் வளரும் நாய்களில்தான் காணப்பட்டிருக்கிறது. ஆக, சின்ன நாய்க்கு மூட்டு லாபம் இல்லை, கசிவு லாபமும் இல்லை. தராசின் ஒரு தட்டு ஏறக்குறைய காலி. எதிர்த் தட்டில் இருப்பவையும் மலைபோன்ற பாரமல்ல: உறுதி குறைந்த மடிக்கட்டிச் சான்று, முதல் ஹீட்டிலேயே வேண்டாத சினை பிடிக்கும் ஆபத்து, கொழுப்பு சேராத இளவயிற்றில் ஆபரேஷன் எளிது என்பது, இவற்றோடு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது பல வீடுகளில் ஏழு வயதுவரை நடக்காமலே போய்ச் சீழாக முடியும் மனித சுபாவம். ஒரு தட்டு காலியாக இருக்கும்போது மறு தட்டைச் சாய்க்க இவ்வளவு போதும்.

அப்படியானால் இரண்டாம் மாதத்திலேயே செய்துவிடலாமே என்று கேட்கலாம். அமெரிக்கக் காப்பகங்களில் எட்டு வாரக் குட்டிக்கும் செய்கிறார்கள். அது காப்பகத்தின் தேவை. தத்துக் கொடுத்தபின் குட்டி திரும்பி வராது, வளர்ப்பவர் செய்வாரா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வீட்டில் வளரும் குட்டிக்கு அந்த நெருக்கடி கிடையாது. கார்னெல் பல்கலைக்கழகத்தினர் காப்பகத்திலிருந்து தத்துப் போன 1,842 நாய்களைத் தொடர்ந்து பார்த்து 2004இல் எழுதியபோது, மூன்று மாதத்துக்குள் செய்த பெட்டைகளில் சிறுநீர் கசிவு கூடுதலாக இருந்ததைக் குறிப்பிட்டார்கள். மயக்க மருந்தும் ஒரு காரணம். 2002 முதல் 2004 வரை பிரிட்டனில் 98,000க்கும் மேற்பட்ட நாய்களைக் கவனித்த ஆய்வில், மயக்கத்தோடு தொடர்புடைய மரணம் ஆரோக்கியமான நாய்களில் இரண்டாயிரத்தில் ஒன்று. ஆனால் ஐந்து கிலோவுக்குக் குறைந்த நாய்களுக்கு அபாயம் கூடுதல். உடல் சிறிதானால் சூடு வேகமாக இறங்கும், கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பும் குறைவு. எட்டு வாரத்தில் எண்ணூறு கிராம் இருக்கும் குட்டியை ஐந்தரை மாதத்தில் மூன்று கிலோவாக்கி மேசையில் படுக்கவைப்பது எல்லோருக்கும் நிம்மதி.

இயற்கையாக இருக்கும் உறுப்பை ஆரோக்கியமான உயிரிலிருந்து எடுப்பது சரியா என்ற மறுப்பைச் சாதாரணமாகத் தள்ளிவிடக் கூடாது. நார்வே நாட்டின் விலங்கு நலச் சட்டம் தக்க காரணமில்லாமல் விலங்கின் உறுப்பை நீக்குவதை அனுமதிப்பதில்லை. அங்கே பெட்டை நாய்கள் கருத்தடை இல்லாமலே வாழ்கின்றன, தெருவெல்லாம் குட்டிகள் நிறைந்துவிடவும் இல்லை. ஆனால் அங்கே தெருவில் உரிமையாளர் இல்லாத ஆண் நாய்கள் கிடையாது. சென்னையிலோ மதுரையிலோ ஒரு பெட்டை ஹீட்டுக்கு வந்தால் மூன்று வாரம் வாசலில் கூட்டம் நிற்கும். கேட் ஒரு நிமிடம் திறந்திருந்தால் போதும். நாலு கிலோப் பெட்டைக்குப் பதினெட்டு கிலோத் தெருநாயால் சினை பிடித்தால் குட்டியின் தலை இடுப்பெலும்பில் சிக்கி சிசேரியனில் முடியலாம். வெப்ப நாடுகளின் தெருநாய்களிடையே இணைசேர்க்கையால் பரவும் தொற்றுக்கட்டி வேறு இருக்கிறது. இது அறிவியலின் வினோதங்களில் ஒன்று: கிருமியால் வருவதல்ல, கட்டியின் செல்களே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி வளர்கின்றன, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஏதோ ஒரு நாயின் செல்கள்தான் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. வின்கிறிஸ்டின் ஊசியால் பெரும்பாலும் குணமாகும் என்றாலும் பல வாரச் சிகிச்சை. ஹீட்டைத் தள்ளிப்போட ஊசி போடலாமே என்பவர்கள், அது செயற்கைப் புரோஜெஸ்டிரோன் என்பதையும், மேலே சொன்ன கருப்பைச் சீழுக்கும் மடிக்கட்டிக்கும் அதுவே வழி திறக்கும் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. கலிஃபோர்னியாவின் பதிவேடும் ஸ்வீடனின் காப்பீடும் நாயின் உடலைப் பற்றிச் சொல்பவை இங்கும் பொருந்தும். தெருவைப் பற்றிச் சொல்பவை பொருந்தாது.

கருத்தடை செய்த நாய் அதிக நாள் வாழும் என்ற வாதத்தை நான் இந்தப் பக்கம் சேர்க்கவில்லை. அமெரிக்கக் கல்லூரி மருத்துவமனைகளில் 1984 முதல் 2004 வரை பதிவான 40,139 நாய்களின் மரணத்தை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டுக் கட்டுரை, கருத்தடை செய்த ஆண்கள் 13.8 சதவீதமும் பெட்டைகள் 26.3 சதவீதமும் கூடுதலாக வாழ்ந்ததாகக் கணக்கிட்டது உண்மை. தொற்றாலும் விபத்தாலும் சாவது குறைந்து, புற்றுநோயால் சாவது கூடியிருந்தது. ஆனால் கருத்தடைக்குப் பணம் செலவழிக்கிறவர் தடுப்பூசிக்கும் செலவழிப்பார். செய்துகொள்ளும் வயதுவரை உயிரோடிருந்த நாய்தான் செய்தவற்றின் பட்டியலில் சேரவே முடியும். ஆயுள் கூடியதில் ஆபரேஷனின் பங்கு எவ்வளவு, அக்கறையுள்ள வீட்டின் பங்கு எவ்வளவு என்று அந்தத் தரவால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆண் நாய்க்கு வருவோம். இங்கே அமெரிக்க வழிகாட்டுதலோடு எனக்குக் கொஞ்சம் வேறுபாடு உண்டு. அது சிறு இன ஆணுக்கும் ஆறு மாதத்தையே சொல்கிறது. ஆணுக்குப் பையோமெட்ரா போன்ற பெரிய எதிரி இல்லை. விரையில் கட்டி வந்தால் அப்போது எடுத்தாலும் பெரும்பாலும் குணமாகிவிடும். வயதான நாயின் புராஸ்டேட் வீக்கமும் அப்படியே. மனத்தின் பக்கம் பார்த்தால், 2018இல் 6,546 ஆண் நாய்களின் நடத்தையை வைத்துச் செய்த ஆய்வு, விரைச் சுரப்பின் கீழ் வாழ்ந்த காலம் குறையக் குறைய அச்சமும் முரட்டுத்தனமும் சார்ந்த பல நடத்தைகள் கூடுவதைக் காட்டியது. வீட்டுக்குள் அங்கங்கே சிறுநீர் தெளிப்பதும் தனிமையில் ஊளையிடுவதும் மட்டுமே குறைந்தன. இதுவும் வளர்ப்பவர்கள் சொன்ன பதில்தான், காரணம் எது விளைவு எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே அந்நியரைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஒளியும் சிவாவாக் குட்டிக்கு அவசரமாகச் செய்து என்ன சாதிக்கப்போகிறோம்? கேட்டைத் தாண்டி ஓடுவது, சோபாவெல்லாம் நனைப்பது என்று தொல்லை தொடங்கினால் செய்யலாம். இல்லையென்றால் ஒரு வயது, ஒன்றரை வயது என்று பார்த்துக்கொள்ளலாம், செய்யாமலும் விடலாம். ஒரு விலக்கு மட்டும் கட்டாயமானது. சிறு இனங்களில் ஒரு விரை இறங்காமல் வயிற்றிலோ கவட்டையிலோ தங்கிவிடுவது அடிக்கடி நடக்கும். உடல் சூட்டில் கிடக்கும் அந்த விரையில் கட்டி வரும் வாய்ப்பு இயல்பைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ஆறு மாதமாகியும் இறங்காவிட்டால் இனி இறங்காது. அதை எடுத்தே ஆகவேண்டும். இந்தக் குறை மரபுவழி வருவது என்பதால் இறங்கிய மற்றதையும் சேர்த்தே எடுப்பார்கள்.

பெட்டைக்கு ஐந்தரை, ஆறு மாதம் என்று முடிவு செய்தவர்கள் தேதி குறிக்கும் முன் வாயைத் திறந்து பார்ப்பது நல்லது. சிறு இனக் குட்டிகளில் பால் கோரைப்பல் விழாமலே புதுக் கோரைப்பல் அதன் பக்கத்தில் முளைத்து நிற்கும். இடையில் உணவு சிக்கி ஈறு கெடும். ஒரே மயக்கத்தில் அதையும் பிடுங்கிவிடலாம், தொப்புள் குடலிறக்கம் இருந்தால் அதையும் தைத்துவிடலாம். தமிழ்நாட்டில் கட்டாயம் சேர்க்கவேண்டியது ரத்தத் தட்டணு எண்ணிக்கை. பழுப்பு உண்ணியால் பரவும் எர்லிச்சியா என்ற கிருமி தட்டணுக்களைக் குறைத்துவிடும்; வெளியே துள்ளி விளையாடும் குட்டியிலும் அது ஒளிந்திருக்கலாம், கத்தி பட்ட பிறகு ரத்தம் நிற்காமல்தான் தெரியவரும். முந்தைய இரவிலிருந்தே பட்டினி போடுவது பெரிய நாய்க்கான முறை. மூன்று கிலோக் குட்டிக்கு அவ்வளவு நேரம் வயிறு காய்ந்தால் சர்க்கரை சரிந்துவிடும் என்பதால் எத்தனை மணி நேரம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நாள் குறிப்பதற்குள் ஹீட் வந்துவிட்டால் பதறவேண்டாம். அது முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்யலாம். நடுவில் செய்தால் ரத்தக் குழாய்கள் புடைத்திருப்பதால் கசிவு அதிகம். உயர்ந்திருக்கும் புரோஜெஸ்டிரோன் சட்டென்று அறுபட்டுப் புரோலாக்டின் என்ற பால் சுரப்பு ஹார்மோன் கிளம்பி, பொய்ச்சினை ஏற்பட்டு மடியில் பால் சுரக்கவும் தொடங்கலாம்.

ஆபரேஷன் முடிந்த பின்னும் ஒரு வேலை மீதம் இருக்கிறது; மூட்டைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் உண்மையில் கவனிக்கவேண்டியது அதுதான். சினைப்பையை எடுத்த நாய்க்குப் பசி கூடும், உடல் செலவழிக்கும் ஆற்றலோ 20 முதல் 30 சதவீதம் வரை குறையும். பழைய அளவிலேயே சோறும் பிஸ்கட்டும் போய்க்கொண்டிருந்தால் நாலு கிலோப் பொமரேனியன் ஒரே வருடத்தில் ஐந்தரை கிலோவாகும். முப்பது கிலோ மனிதக் குழந்தைக்குப் பதினோரு கிலோ கூடுவதற்குச் சமம் அது. விலகும் முழங்கால் சில்லும், சரியும் மூச்சுக்குழாயும், டாஷ்ஹண்டின் முதுகு வட்டும் அந்த எடையில்தான் மோசமாகின்றன. ஆபரேஷன் செய்த தேதியால் சின்ன நாயின் மூட்டுக்கு வரும் கேட்டை ஆய்வாளர்களால் பெரும்பாலும் கண்டுபிடிக்கவே முடியவில்லை; கொழுப்பால் வரும் கேட்டை எந்தச் சிற்றூர்க் கால்நடை மருந்தகத்திலும் கண்ணால் பார்க்கலாம். தையல் பிரிக்கும் நாளிலேயே கிண்ணத்தில் விழுவதைக் கால் பங்கு குறைத்து, மாதத்துக்கு ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, தன் எடையைக் கழித்துக் குறித்துவைத்தால் போதும்.